அச்செழுத்திலிருந்து அடையாளக்குறிக்கு: ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி கணினிக்குள் சென்ற வரலாறு

அச்சிட்ட அகராதிக்கு ஒரே வாசல்தான் உண்டு, அது அகரவரிசை. சொல்லைத் தெரிந்து வைத்திருப்பவர் அதன் பொருளைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் புதிதாகப் புழங்கிய சொற்களைத் திரட்ட நினைப்பவரோ, ஒரு குறிப்பிட்ட எழுத்தாளர் எத்தனை இடங்களில் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறார் என்று கணக்கெடுக்க நினைப்பவரோ முதல் தொகுதியின் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே போக வேண்டியதுதான். 1928இல் நிறைவுபெற்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் 4,14,825 சொற்களும் 18,27,306 மேற்கோள்களும் இருந்தன. ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஆண்டு, ஆசிரியர், நூல் ஆகிய விவரங்கள் உண்டு. எல்லாம் பக்கத்திலேயே அச்சாகியிருந்தும் அவற்றில் எதை வைத்தும் தேட முடியாது. 1980களில் இந்த நூல் கணினிக்குள் சென்றபோதுதான் அந்த நிலை மாறியது. உரைக்குள் அடையாளக்குறி இட்டு, விவரங்களை இனம்பிரித்து வைக்கும் தொழில் வளர்ந்த விதத்துக்கு அந்த மாற்றம் ஒரு முழுமையான சான்று.

அகராதித் திட்டம் லண்டன் மொழியியல் கழகத்தில் 1857இல் தொடங்கியது. 1879இல் ஜேம்ஸ் மரே ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அப்போது அவர் மில் ஹில் பள்ளியில் ஆசிரியர். வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகடு வேய்ந்த கொட்டகை ஒன்றைக் கட்டி, அதற்கு ‘ஸ்கிரிப்டோரியம்’ என்று பெயர் வைத்தார். 1885இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தபோது பேன்பரி சாலை வீட்டிலும் அப்படியொரு கொட்டகை எழுந்தது. உள்ளே சுவர் முழுக்கச் சிறுசிறு அறைகள் கொண்ட அலமாரிகள்; அறைகள் நிறையச் சீட்டுகள்.

சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்று மரே வாசகர்களுக்கு அச்சிட்ட அறிவுரை அனுப்பினார். இடப்பக்க மேல்மூலையில் சொல். அதன் கீழே ஆண்டு, ஆசிரியர், நூற்பெயர், பக்க எண். அதற்கும் கீழே அந்தச் சொல் இடம்பெறும் வாக்கியம் முழுமையாக. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தன்னார்வத்துடன் நூல்களைப் படித்தவர்கள் இந்த அமைப்பில் லட்சக்கணக்கான சீட்டுகளை எழுதி அஞ்சலில் அனுப்பினார்கள். இன்றைய கணினித் துறை மெட்டாடேட்டா என்று சொல்வதும் இதைத்தான்: உரை ஒருபுறம், உரையைப் பற்றிய விவரம் மறுபுறம், இரண்டையும் குழப்பாமல் தனித்தனி இடம். குறை ஒன்றே ஒன்றுதான். காகிதச் சீட்டை ஒரே ஒரு வரிசையில்தான் அடுக்க முடியும். சொல்லை வைத்து அடுக்கியதும் ஆண்டும் ஆசிரியரும் கட்டுக்குள் புதைந்துவிட்டன. கட்டு தவறினாலோ சொல்லே காணாமல் போனது. அடிமைப்பெண்ணைக் குறிக்கும் ‘பாண்ட்மெய்ட்’ என்ற சொல்லின் சீட்டுகள் எங்கோ விழுந்துவிட்டதால் அச்சொல் முதல் பதிப்பில் ஏறவில்லை. 1933ஆம் ஆண்டுப் பின்னிணைப்பில்தான் இடம்பெற்றது.

இந்தச் சீட்டுமுறைக்குள்ளேயே வேறு வழியில் வேலை செய்தவர் ஒருவர் உண்டு. பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் டபிள்யூ. சி. மைனர் தம்மிடமிருந்த பழைய நூல்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல்லடைவு தயாரித்தார்: சொல், அது வரும் பக்க எண். கிடைத்ததையெல்லாம் அனுப்பாமல், ஆசிரியர் குழுவுக்கு இப்போது எந்தச் சொல் வேண்டும் என்று கேட்டு, தம் அடைவில் பார்த்து, அதற்குரிய மேற்கோளை மட்டும் எழுதியனுப்பினார். தேவை எழுந்த பிறகு தேடுவது, அதற்காக முன்கூட்டியே அடைவு செய்து வைப்பது என்ற இந்த இரண்டு படிகளும் இன்றைய தேடுபொறியின் அடிப்படை வேலைமுறை.

சீட்டிலிருந்த பாகுபாடு அச்சுக்குப் போனபோது அச்செழுத்தின் வேறுபாடாக உருமாறியது. அகராதிப் பக்கத்தின் வடிவமைப்பில் மரே காட்டிய அக்கறைக்கு நூறு ஆண்டு கழித்துத்தான் முழுப் பலன் கிடைத்தது. தலைச்சொல் தடித்த எழுத்தில். சொல்வரலாறு சதுர அடைப்புக்குள். வழக்கொழிந்த சொல்லுக்கு முன் சிலுவைக்குறி. ஆங்கிலத்தில் முழுதாகக் கலக்காத அயற்சொல்லுக்கு முன் இரட்டைக்கோடு. மேற்கோள் பகுதி சிறிய எழுத்தில்; அதனுள் ஆண்டு தடித்தும், ஆசிரியர் பெயர் சிற்றளவுப் பேரெழுத்திலும், நூற்பெயர் சாய்வெழுத்திலும் நிற்கும். பழகிய கண் ஒரு பக்கத்தைப் புரட்டியதுமே எது எது என்று பிரித்தறிந்துவிடும்.

கண்ணுக்குப் போதுமான இந்த வேறுபாடு எந்திரத்துக்குப் போதாது. சாய்வெழுத்து நூற்பெயரை மட்டும் குறிக்கவில்லை. பெயர்ச்சொல், வினைச்சொல் என்ற இலக்கணக் குறிப்பும், ‘கவிதை வழக்கு’, ‘கொச்சை’ போன்ற வழக்குக் குறிப்பும், சொல்வரலாற்றில் வரும் பிறமொழி வடிவமும் சாய்வெழுத்தில்தான். சிற்றளவுப் பேரெழுத்தும் அப்படியே: மேற்கோளுக்குள் வந்தால் ஆசிரியர் பெயர், விளக்கத்துக்குள் வந்தால் வேறொரு சொல்லைப் பார்க்கச் சொல்லும் சுட்டு. ஒரே உடுப்பில் நான்கு பேர் நின்றால் இடம் பார்த்துத்தான் ஆளைச் சொல்ல வேண்டும்.

தோற்றத்தைக் குறிப்பதற்குப் பதிலாக, உரைப்பகுதி இன்னது என்றே குறித்துவிடலாமே என்ற எண்ணம் அச்சுத்தொழிலில் 1960களில் எழுந்தது. அதுவரை தட்டச்சுப் பிரதியில் போடப்பட்ட குறிகள் ‘இங்கே 14 புள்ளி எழுத்து’, ‘இங்கே சாய்வு’ என்று அச்சுக்கோப்பவருக்கு ஆணையிட்டன. 1967இல் கனடா அரசு அச்சகத்தில் நடந்த கூட்டமொன்றில் வில்லியம் டனிக்ளிஃப் என்பவர் ஆவணத்தின் உள்ளடக்கத்தை அதன் தோற்றத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று பேசினார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி மூவரும் ‘ஜிஎம்எல்’ என்ற குறியீட்டு மொழியை உருவாக்கினார்கள். அந்த மூன்று எழுத்தும் மூவர் பெயரின் முதலெழுத்து என்பது தற்செயல் இல்லை.

இந்த மொழி பிறந்த சூழல் பலருக்கும் மறந்துபோனது. கோல்ட்ஃபார்ப் சட்டம் படித்தவர். வழக்கறிஞர் அலுவலகங்களுக்குக் கணினி எப்படி உதவும் என்பதுதான் அவர்களுக்குத் தரப்பட்ட வேலை. அதற்கு மூன்று நிரல்கள் தேவைப்பட்டன: ஆவணத்தைத் திருத்த ஒன்று, சேமித்த ஆவணங்களில் தேடியெடுக்க ஒன்று, அச்சுக்குப் பக்கம் அமைக்க ஒன்று. மூன்றும் ஒரே கோப்பைப் படிக்க வேண்டும். ‘சாய்வெழுத்து’ என்ற ஆணை அச்சு நிரலுக்குப் பயன்படும். தேடல் நிரலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ‘இது தலைப்பு’, ‘இது வழக்கின் பெயர்’ என்ற குறியோ மூன்றுக்கும் பயன்படும். ஆக, அடையாளக்குறி முறை அச்சழகுக்காகத் தோன்றியது, தேடல் பிறகு வந்து சேர்ந்தது என்ற பரவலான எண்ணம் தவறு. தேடல் தொடக்கத்திலேயே அதன் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. ஜிஎம்எல் வளர்ந்து, 1986இல் ‘எஸ்ஜிஎம்எல்’ என்ற பெயரில் ஐஎஸ்ஓ 8879 என்னும் அனைத்துலகத் தரமாயிற்று.

இதே காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒரு நெருக்கடியில் இருந்தது. ராபர்ட் பர்ச்ஃபீல்ட் தொகுத்த நான்கு பின்னிணைப்புத் தொகுதிகள் 1972 முதல் 1986 வரை வெளியாகிக்கொண்டிருந்தன. ஒரு சொல்லின் முழு வரலாற்றுக்கு வாசகர் மூல அகராதியையும் பின்னிணைப்பையும் மாறிமாறிப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே வரிசையில் கலக்க வேண்டும். மறுபடி அச்சுக்கோத்துக் கலப்பதென்றால் அடுத்த திருத்தத்துக்கு அதே கூத்தைத் திரும்ப ஆட வேண்டும். எனவே ஒரு முறை கணினியில் ஏற்றிவிடுவது என்று முடிவாகி, 1984இல் திட்டம் அறிவிக்கப்பட்டது. பிரிட்டனின் ஐபிஎம் கிளை கணினிகளையும் ஆட்களையும் தந்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் ஆய்வுப் பங்காளியானது.

பக்கங்களை ஒளிவருடி எழுத்தாக்கும் கருவிகள் அன்று இத்தனை வகை எழுத்துருக்களைத் தாங்கும் நிலையில் இல்லை. ஆகவே தட்டச்சுதான். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஃபோர்ட் வாஷிங்டனிலும் ஃபுளோரிடாவிலும் 120க்கும் மேற்பட்ட தட்டச்சர்கள் 18 மாதங்களில் ஏறத்தாழ 35 கோடி எழுத்துகளை அடித்து முடித்தார்கள். இங்கிலாந்தில் 50க்கும் மேற்பட்டோர் மெய்ப்புப் பார்த்தார்கள். தட்டச்சர்கள் எழுத்தோடு குறிகளையும் சேர்த்தே அடித்தார்கள்: இங்கே தடித்த எழுத்து தொடங்குகிறது, இங்கே முடிகிறது, இங்கே மேற்கோள் பகுதி ஆரம்பம். அச்சுப் பக்கத்தின் ஒரு வேறுபாடுகூடத் தொலைந்துவிடக்கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. செலவைப் பார்த்து அன்றைக்கு வெறும் எழுத்தை மட்டும் ஏற்றியிருந்தால், பின்னால் வந்த எதுவும் நடந்திருக்காது.

அடுத்தது தோற்றக்குறியைப் பொருட்குறியாக மாற்றும் வேலை. அகராதிப் பதிவு ஒன்று எப்படி அமையும் என்பதற்கு ஓர் இலக்கணமே எழுதப்பட்டது: முதலில் தலைச்சொல், பிறகு ஒலிப்பு, பிறகு இலக்கண வகை, சொல்வரலாறு, எண்ணிட்ட பொருள்கள், ஒவ்வொரு பொருளுக்கும் மேற்கோள்கள். இந்த இலக்கணத்தை நிரலாக்கி உரைமேல் ஓட்டியபோது, சாய்வெழுத்து எங்கே நிற்கிறது என்பதை வைத்து அது நூற்பெயரா, இலக்கணக் குறிப்பா என்று எந்திரம் முடிவு செய்தது. மேற்கோள் ஒன்று மாற்றத்துக்குப் பின் எப்படி இருந்தது என்பதைத் தமிழ்ப் பெயர்களிட்டுக் காட்டினால் இப்படி அமையும்:

<மேற்கோள்><ஆண்டு>1611</ஆண்டு><ஆசிரியர்>…</ஆசிரியர்><நூல்>…</நூல்><உரை>…</உரை></மேற்கோள்>

இப்போது இந்த வரியில் சாய்வும் இல்லை, தடிப்பும் இல்லை. அச்சிட வேண்டுமானால் ‘நூல் என்றால் சாய்வெழுத்து’ என்று ஒரு விதியைத் தனியே வைத்துக்கொள்ளலாம். தேட வேண்டுமானால் ‘ஆண்டு 1600க்கும் 1650க்கும் இடையில்’ என்று கேட்கலாம்.

இலக்கணத்துக்கு அடங்காத பதிவுகளும் ஏராளம். நாற்பத்து நான்கு ஆண்டுகளில் பல ஆசிரியர்கள் கையில் அச்சான நூல்; அவர்கள் எந்திரத்துக்காக எழுதவில்லை. அடங்காதவற்றை ஆட்கள் உட்கார்ந்து சரிசெய்தார்கள். அதற்கென்றே ஐபிஎம்மைச் சேர்ந்த மைக் கௌலிஷா ‘லெக்ஸ்’ என்ற பதிப்பு நிரலை எழுதினார். உரையின் ஒவ்வொரு வகைப் பகுதியையும் தனித்தனி நிறத்தில் காட்டிய நிரல் அது. இன்று நிரலர்கள் அன்றாடம் காணும் வண்ணத்திரையின் முன்னோடிகளில் ஒன்று. பொருட்குறியின் பயன் உடனே தெரிந்த இடம் ஒலிப்புப் பகுதி. மரே தமக்கென வகுத்த ஒலிப்பு முறையைக் கைவிட்டு அனைத்துலக ஒலியியல் எழுத்துக்கு மாற வேண்டியிருந்தது. ஒலிப்பு எது என்று குறியிடப்பட்டிருந்ததால் அந்தப் பகுதியை மட்டும் தனியே எடுத்து மாற்ற முடிந்தது.

இரண்டாம் பதிப்பு, ஜான் சிம்சனும் எட்மண்ட் வெய்னரும் பதிப்பாசிரியர்களாக, 1989இல் 20 தொகுதிகளாக வந்தது. 21,730 பக்கங்கள், ஏறத்தாழ 24 லட்சம் மேற்கோள்கள், 62.6 கிலோ எடை. அச்சு நூலாக அதைப் பார்த்தவர்களுக்குப் புதுமை பெரிதாகத் தெரிந்திருக்காது: பழைய அகராதியும் பின்னிணைப்பும் கலந்து, சுமார் 5,000 புதுச் சொற்கள் சேர்ந்திருந்தன, அவ்வளவுதான். புதுமை முழுவதும் அதன் பின்னால் இருந்த 540 மெகாபைட் கோப்பில் இருந்தது.

அவ்வளவு பெரிய கோப்பில் தேடுவது அன்றைய கணினிகளுக்குச் சுலபமான காரியமில்லை. வாட்டர்லூவில் கேஸ்டன் கோனே, ஃபிராங்க் டொம்பா முதலிய கணினியியலாளர்கள் இதற்கென ‘பேட்’ என்ற தேடல் நிரலை உருவாக்கினார்கள். வழக்கமான தரவுத்தளம் உரையைப் பெட்டி பெட்டியாக உடைத்து வைக்கும். பேட் அப்படிச் செய்யவில்லை. அகராதி முழுவதையும் ஒரே நீண்ட எழுத்துச்சரமாகக் கொண்டது. ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலிருந்தும் அகராதியின் கடைசிவரை நீளும் பகுதியை ஒரு தனிச் சரமாக எண்ணி, அந்தச் சரங்கள் எல்லாவற்றையும் அகரவரிசைப்படுத்தியது. சேமித்து வைப்பது சரங்களை அல்ல, அவை தொடங்கும் இடங்களின் எண்களை மட்டும். வரிசை கையிலிருந்தால் தேடல் என்பது பாதிபாதியாகக் குறைத்துக்கொண்டே போவதுதான்: பத்துக் கோடித் தொடக்க இடங்கள் இருந்தாலும் 27 முறை பாதியாக்கினால் விடை வந்துவிடும். தனிச்சொல்லைத் தேடினாலும் நீண்ட தொடரைத் தேடினாலும் உழைப்பு கிட்டத்தட்ட ஒன்றே.

அடையாளக்குறிகளும் உரைக்குள்ளேயே இருப்பதால் அவற்றையும் இதே முறையில் தேடலாம். திறப்புக் குறிக்கும் மூடல் குறிக்கும் இடைப்பட்டது ஒரு வட்டாரம். ‘ஆசிரியர்’ வட்டாரத்துக்குள் இந்தப் பெயர், அதே மேற்கோளின் ‘உரை’ வட்டாரத்துக்குள் இந்தச் சொல் என்று கேட்டால், இரண்டு விடைத்தொகுதிகளின் வெட்டுப்பகுதி கிடைக்கும். ஒரு வாழ்நாள் முழுக்கப் படித்தாலும் திரட்ட முடியாத பட்டியல் சில நொடிகளில் திரையில் வந்தது.

வந்த பட்டியல் எல்லாம் சரியான பட்டியல் என்று சொல்லிவிட முடியாது. ‘ஆசிரியர்’ என்று குறி இட்டுவிட்டால் மட்டும் ஆசிரியரைக் கண்டுபிடித்துவிட முடியாது என்பது சீக்கிரமே தெரிந்தது. இடத்தைச் சிக்கனப்படுத்த மூலப் பதிப்பு ஷேக்ஸ்பியர் பெயரைச் சுருக்கியே அச்சிட்டிருந்தது. முழுப்பெயரைத் தட்டியவர் அந்தச் சுருக்கத்தைத் தவறவிட்டார். விவிலியம் இன்னும் சிக்கல். 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு விவிலியம் என்ற பெயரிலேயே வரும்; அதற்கு முந்தைய மொழிபெயர்ப்புகள் விக்லிஃப், டிண்டேல், கவர்டேல் என்று மொழிபெயர்த்தவர் பெயரில் வரும். விவிலிய மேற்கோள்கள் எத்தனை என்று கேட்பவர் இந்தப் பெயர்கள் அத்தனையும் அறிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு முன்னால் ‘இதற்கு முன்’ என்றும் ‘ஏறத்தாழ’ என்றும் பொருள்படும் ஒற்றை எழுத்துகள் வேறு நின்றன. வரிசைப்படுத்தும் நிரல் அவற்றுக்கும் விதி கேட்டது. ஒரே ஆளின் பல பெயர்களை ஒன்றாக்கும் வேலையை நூலகர்கள் அட்டவணை அட்டைக் காலத்திலிருந்தே செய்துவந்தார்கள். அகராதியாளர்கள் அதைப் பின்னால்தான் கற்றுக்கொண்டார்கள்.

முதல் பதிப்பு 1988இலும் இரண்டாம் பதிப்பு 1992இலும் குறுந்தகட்டில் வெளிவந்ததும் அகராதியைப் பற்றிய ஆய்வே திசைமாறியது. அதுவரை பொருள் பார்க்கும் நூல். இனி அதுவே ஆராயப்படும் பொருள். ஷேக்ஸ்பியர் புதிதாக உருவாக்கிய சொற்கள் இத்தனை என்று பலரும் அகராதியின் முதல் மேற்கோள்களை வைத்துச் சொல்லிவந்தார்கள். அகராதிக்காகப் படித்தவர்கள் ஷேக்ஸ்பியரைத் துருவிப் படித்த அளவுக்கு அவர் காலத்து மற்றவர்களைப் படிக்கவில்லை என்பதை யூர்கன் ஷேஃபர் 1980இலேயே கைவேலையாக ஒப்பிட்டு எழுதியிருந்தார். தேடல் வசதி வந்ததும் அந்தச் சாய்வு எல்லாப் பக்கமும் வெளிப்பட்டது. 18ஆம் நூற்றாண்டு மேற்கோள்கள் முன்னும் பின்னும் உள்ள நூற்றாண்டுகளைவிடக் குறைவு. பெண் எழுத்தாளர்கள் குறைவு. கனடாவின் ஜான் வில்லின்ஸ்கி மின்தரவை வைத்து 1994இல் ஒரு நூலே எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டில் சார்லட் புரூவர் இதே ஆய்வைப் பல ஆண்டுகள் நடத்தினார். குறியிட்ட உரை, தொகுத்தவர்களின் விருப்புவெறுப்பையும் எண்ணிக் காட்டிவிட்டது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைத் தேடுபவருக்கும் இந்த மாற்றம் பயன்பட்டது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், குருந்தம் என்று தனித்தனியே தெரிந்தவற்றைப் புரட்டிப் பார்க்கத்தான் முன்பு முடியும். முழுப்பட்டியல் வேண்டுமென்றால் ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ போன்ற தனி நூலை நாட வேண்டும். இந்தப் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். விவரம் குறித்துவைக்கும் கலை அவருக்குக் கைவந்தது. குறியிட்ட அகராதியில் ‘சொல்வரலாறு’ வட்டாரத்துக்குள் ‘தமிழ்’ என்ற சொல்லைத் தேடினால் பட்டியல் தானே வரும். ஆனால் தமிழிலிருந்து பிறந்த சொல்லும், தமிழோடு ஒப்பிட்டு மட்டும் காட்டிய சொல்லும், போர்த்துகீசியம் வழியாகச் சுற்றிவந்த சொல்லும் ஒன்றாகக் கலந்துவரும். அவற்றைப் பிரிக்க, மூலமொழி இன்னது என்று ஆசிரியர்களே முடிவு செய்து எழுதும் தனி விவரம் பின்னால் சேர்க்கப்பட்டது. உரையிலிருந்து எந்திரம் உருவி எடுக்கும் விவரம் வேறு, அறிந்தவர் தீர்மானித்துப் பதியும் விவரம் வேறு. முன்னது மலிவு, பின்னதற்கு ஆள் வேண்டும்.

2000ஆம் ஆண்டு மார்ச்சில் அகராதி இணையத்துக்கு வந்தது. மூன்றாம் பதிப்புக்கான திருத்தம் எம் எழுத்தில் தொடங்கியதால் முதல் தவணை நின்ற சொல், இந்தித் திரையுலகின் ‘முஹூரத்’. பொருளை வைத்துச் சொல்லைத் தேடும் வழியும் பத்தாண்டில் திறந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சாமுவேல்ஸ் 1965இல் தொடங்கிய வரலாற்றுச் சொற்களஞ்சியம், அகராதியின் சொற்களையெல்லாம் பொருள்வாரியாகச் சீட்டில் எழுதி அடுக்கிக்கொண்டிருந்தது. 1978இல் கட்டடம் தீப்பற்றியபோது உலோகப் பெட்டிகளில் இருந்ததால் சீட்டுகள் தப்பின. 2009இல் இரண்டு தொகுதிகளாக அச்சான அந்தப் பகுப்பு அடுத்த ஆண்டே இணைய அகராதியோடு இணைக்கப்பட்டது.

அகராதிக்காகச் செய்த கருவிகள் அகராதியோடு நிற்கவில்லை. வாட்டர்லூவின் தேடல் நுட்பத்திலிருந்து 1991இல் ‘ஓப்பன் டெக்ஸ்ட்’ நிறுவனம் பிறந்தது. 1990களின் நடுவில் யாஹூவின் தேடலுக்கு அதன் பொறிதான் பின்னணி. அகராதித் திட்டத்தை வாட்டர்லூவில் நிர்வகித்த டிம் பிரே, 1998 பிப்ரவரியில் வெளியான ‘எக்ஸ்எம்எல்’ என்ற குறியீட்டு மொழித் தரத்தின் பதிப்பாசிரியர்களில் ஒருவர். செய்தி நிறுவனம், மருத்துவ இதழ், சட்டத் தொகுப்பு என்று பிற்காலத்தில் குறியிடப்பட்ட உரைகளில் பெரும்பகுதி அந்தத் தரத்தைப் பின்பற்றியது. அதன் மற்றொரு பதிப்பாசிரியர் மைக்கேல் ஸ்பெர்பெர்க்-மெக்குவீன் வந்தது வேறொரு பாதையில். இலக்கிய உரைகளுக்குப் பொதுக் குறிமுறை வேண்டுமென்று 1987இல் நியூயார்க் மாநிலத்தின் போகீப்சியில் அறிஞர்கள் கூடித் தொடங்கிய ‘டிஈஐ’ முயற்சியின் பதிப்பாசிரியர் அவர். அந்த முறையில் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் மூலநூல் எது, யார் பதிப்பு, யார் கணினியில் ஏற்றினார் என்பன போன்ற விவரங்களைச் சொல்லும் பகுதி கட்டாயம். புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று குறித்து வைத்தவர்கள் இந்தத் தேவையை முன்பே அறிந்திருந்தார்கள்.

இணையப் பக்கங்களில் நடந்தது இதற்கு நேர்மாறு. பக்கத்தின் தலைப்பகுதியில், வாசகர் கண்ணுக்குப் படாத இடத்தில், திறவுச்சொற்களை எழுதிவைக்கும் வசதி தரப்பட்டது. தொடக்ககாலத் தேடுபொறிகள் அவற்றை நம்பின. விற்பனையாளர்கள் சம்பந்தமில்லாத பிரபலச் சொற்களை அதில் கொட்டினார்கள். 2009இல் கூகுள் தன் இணையத் தேடலில் பக்கங்களை வரிசைப்படுத்த அந்தத் திறவுச்சொற்களைக் கணக்கில் எடுப்பதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. அகராதியின் குறிகள் பக்கத்தில் அச்சான உரையையே சுற்றி நின்றன. தவறு இருந்தால் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். மறைவில் எழுதிய திறவுச்சொல்லைச் சரிபார்க்க ஒருவரும் இல்லை. 2011இல் கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து வகுத்த ‘ஸ்கீமா’ சொற்றொகுதி, விலை, ஆசிரியர், நாள் என்று பக்கத்தில் தெரியும் உரையையே குறியிடச் சொன்னது. மரே சீட்டில் கேட்ட ஒழுங்குக்கு இணையம் சுற்றிவளைத்துத் திரும்பியது எனலாம்.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குத் தமிழில் ஒப்பு வைக்கத்தக்க நூல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். 1913இல் ஜே. எஸ். சாண்ட்லர் தலைமையில் வேலை தொடங்கி, 1926 முதல் எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் பின்னிணைப்பு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இதன் பக்கமும் குறிகளால் நெய்யப்பட்டதே. தலைச்சொல்லை அடுத்து ரோமன் எழுத்துப்பெயர்ப்பு, இலக்கண வகை, இன மொழிகளின் ஒப்புச்சொற்கள் சதுர அடைப்புக்குள், பிறகு ஆங்கிலப் பொருள், அரைப்புள்ளி, தமிழ்ப் பொருள், மேற்கோள், வளைந்த அடைப்புக்குள் நூலின் சுருக்கப்பெயரும் எண்ணும். ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகமும் இதைக் கணினியில் ஏற்றி, யாரும் தேடும்படி இணையத்தில் வைத்தன. தமிழாய்வுக்கு இதைவிடப் பெரிய உதவி குறைவு.

தமிழ் உரையைத் தேடுவதில் ஆங்கிலத்துக்கு இல்லாத தடை ஒன்று உண்டு. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தை’ அகப்படாது. புணர்ச்சியில் சொற்கள் ஒட்டிக்கொள்ளும்போது சொல்லின் தொடக்கமே மறைந்துவிடும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நூற்றுக்கணக்கான பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, முதலில் தஸ்கி எழுத்துமுறையிலும் பிறகு யூனிகோடிலும் வெளியிட்டது. அவை படிப்பதற்கான பதிப்புகள். சொல்லுக்குச் சொல் பிரித்து வேர் காட்டும் குறிகள் அவற்றில் இல்லை. அந்தக் குறிகளை நிரல் தானே இட்டுவிடும் என்று எதிர்பார்ப்பதில் ஓரளவுதான் நியாயம் உண்டு. செய்யுளைப் பிரிக்க அறிந்த ஆளின் கண் இன்னும் தேவை.

லெக்சிகனின் மேற்கோள்களில் ஆண்டு கிடையாது, நூற்பெயர் மட்டுமே. அந்த நூற்பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் குறியிட்டு, அவற்றின் காலம் பற்றிய விவரத்தைத் தனியே இணைத்தால், எந்தச் சொல் எந்தக் காலத்து நூலில் முதலில் மேற்கோளாகிறது என்ற பட்டியலை எடுக்கலாம். அச்சுப் பக்கம் ஒழுங்காக இருப்பதால் பெரும்பகுதியை நிரலே செய்யும். சிகாகோ பதிப்பில் புறநானூற்று மேற்கோள்களை மட்டும் திரட்ட விரும்புகிறவர், ‘புறநா.’ என்ற சுருக்கத்தை வெறும் எழுத்தாகத் தட்டித் தேட வேண்டும்.